மூன்று வில்லியம் மெல்டன்கள்

இங்கிலாந்தின் யார்க் நகரத்து நடுக்கால நாடகங்களைப் பற்றி வாசிக்கிற எவரும் வில்லியம் மெல்டன் என்ற பெயரைச் சந்திக்காமல் போக முடியாது. 1426ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்து பிரசங்கம் செய்த பிரான்சிஸ்கன் துறவி அவர். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு யார்க்கின் வரலாற்றுக்குள் இன்னும் சற்று நுழைந்தால், வில்லியம் மெல்டன் பேராயராக எதிர்ப்படுகிறார். வேறொரு பக்கத்தில் பேராலயத்தின் சான்சலராக அமர்ந்திருக்கிறார். ஒரே ஊர், ஒரே திருச்சபை, ஒரே பெயர். ஆனால் மூவரும் வேறு வேறு மனிதர்கள். முதலாமவர் மறைந்து ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தே மூன்றாமவர் மறைகிறார்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது நூலகப் பட்டியல் தயாரிப்பவர்களின் வேலை, இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. அதிகச் சுவடுகளை விட்டுச் சென்றவர் தப்பிவிடுகிறார். ஒற்றைச் சுவடு மட்டும் விட்டுச் சென்றவர் காணாமல் போகிறார்.

பேராயர் மெல்டனை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் எட்வர்டு மன்னரின் அரண்மனை அலுவலராகத் தொடங்கி, அரசின் அந்தரங்க முத்திரையைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர். 1317இல் யார்க்கின் பேராயராகத் திருப்பொழிவு பெற்றார். இருமுறை நாட்டின் கருவூலத் தலைவராகவும் இருந்தார். 1319இல் ஸ்காட்லாந்துப் படை வடக்கே புகுந்தபோது குருக்களையும் நகரத்தாரையும் திரட்டிக்கொண்டு மைட்டனில் எதிர்த்து நின்று படுதோல்வி அடைந்தவரும் இவர்தான். அங்கே மடிந்த குருமார் அவ்வளவு பேர் என்பதால் அந்தச் சண்டைக்கு ‘மைட்டன் சாப்டர்’ என்றே பெயர் வந்தது. ‘சாப்டர்’ என்பது பேராலயக் குருக்களின் பேரவை. 1340இல் அவர் இறந்தார். அவருடைய ஆட்சிக்காலப் பதிவேடு பல தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. இவர் தொலைந்துபோவார் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாமவர் 1496 முதல் 1528இல் இறக்கும்வரை பேராலயத்தின் சான்சலராக இருந்தவர். கேம்பிரிட்ஜின் மைக்கேல்ஹவுஸ் கல்லூரித் தலைவர். பின்னாளில் எட்டாம் ஹென்றியால் தலை வெட்டப்பட்ட ஜான் ஃபிஷரின் ஆசிரியர். தகுதியற்றவர்கள் குருப்பட்டத்துக்கு முண்டியடிப்பதைக் கண்டித்து அவர் செய்த லத்தீன் பிரசங்கம், 1510ஐ ஒட்டி லண்டனில் விங்கின் டி வொர்டின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அவரைக் காக்க அந்த நூல் இருக்கிறது, புகழ்பெற்ற மாணவரும் இருக்கிறார்.

இடையில் நிற்கும் துறவிக்கு என்ன இருக்கிறது? யார்க் நகராட்சியின் குறிப்பேட்டில் ஒரு பதிவு. ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் பதிவு சொல்வது இது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா நாளில் யார்க்கின் தொழில்வினைஞர் சங்கங்கள் உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான கதையை வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக நடித்துக் காட்டின. நற்கருணைப் பவனியும் அதே நாளில்தான். துறவி மெல்டன் தம் பிரசங்கங்களில் நாடகத்தைப் பாராட்டினார். அது தன்னளவில் நல்லது, போற்றத்தக்கது என்றார். ஆனால் ஊராரும் வெளியூராரும் விருந்திலும் குடியிலும் கூச்சலிலும் பாட்டிலும் திளைத்து, அன்றைய வழிபாட்டை மறந்துவிடுகிறார்கள். திருத்தந்தை நான்காம் உர்பான் அந்நாளுக்கு வழங்கிய ஞானப்பலனையும் இழக்கிறார்கள் என்று வருந்தினார். ஆகவே நாடகத்தை முந்தின நாளான புதன்கிழமைக்கு மாற்றிப் பெருவிழா நாளைப் பவனிக்கு விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். நகரத்தார் கூடி ஒப்புக்கொண்டார்கள். பிற்காலத்தில் நடந்ததோ தலைகீழ். நாடகம் பெருவிழா நாளைப் பிடித்துக்கொண்டது; மறுநாளுக்குத் தள்ளப்பட்டது பவனிதான்.

கலையை நேசித்தபடியே அதைச் சுற்றி எழும் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கண்டு கலங்கிய ஒரு மனிதரின் குரல் இது. அந்த நூற்றாண்டின் நாடகத்தைப் பார்த்த ஒருவரின் மனநிலை இவ்வளவு துலக்கமாக நமக்குக் கிடைப்பது அரிது. இதைப் பேராயர் மெல்டனின் வாயில் வைத்தால் மேலிடத்து ஆணையாகிவிடும். சான்சலர் மெல்டனின் வாயில் வைத்தால் மறுமலர்ச்சிக் கல்விமான் ஒருவரின் முகச்சுளிப்பாகிவிடும். யோசனை சொல்வதைத் தவிர வேறு அதிகாரம் எதுவுமில்லாத ஒரு போதகர் சொன்னார் என்பதில்தான் அதன் அழகே இருக்கிறது.

இவருக்கு நேர்ந்த இன்னொரு விபத்தும் சுவையானது. பதிவு அவரை ‘சாக்ரே பாகினே புரொஃபெசர்’ என்கிறது. ‘பாகினா’ என்றால் பக்கம். புனிதப் பக்கம் என்றால் திருமறை. அதாவது அவர் இறையியல் பேராசிரியர். ஆனால் யார்க்கின் ஆவணங்களில் ‘பாகினா’ என்ற அதே சொல் வண்டி நாடகத்தையும் குறித்தது. நகரப் பதிவாளர் ரோஜர் பர்டன் 1415இல் தயாரித்த நாடக வரிசையின் பெயரே ‘ஓர்டோ பாகினாரும்’. 1736இல் யார்க்கின் வரலாற்றை ‘எபோராகும்’ என்ற பெரும் நூலாக வெளியிட்ட பிரான்சிஸ் டிரேக், இந்தத் துறவியைப் ‘புனித நாடகங்களின் பேராசிரியர்’ ஆக்கிவிட்டார். ஒரு பிரசங்கி நாடகத் துறை வல்லுநராக மாறிப்போனார். நாடகங்களை உருவாக்கியவர்களே துறவிகள்தாம் என்ற எண்ணத்துக்கும் அந்த மொழிபெயர்ப்பு இடம் கொடுத்தது. பெயர் மட்டுமல்ல, சொல்லும் ஆளை மாற்றிவிடும்.

இப்படிப்பட்ட குழப்பம் அக்காலத்தில் ஏன் மலிந்திருக்கிறது என்பது எளிதில் விளங்கும். நார்மானியர் வருகைக்குப் பின் வில்லியம், ஜான், ரிச்சர்டு போன்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. அதோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. மெல்டன் என்ற ஊரோ யார்க்‌ஷரிலேயே ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கிறது. 1272இல் இறந்த இங்கிலாந்துச் சான்சலர் ஒருவர் ரிச்சர்டு மிடில்டன்; அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் பாரிஸில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கன் துறவியும் ரிச்சர்டு மிடில்டன். வில்லியம் நாட்டிங்ஹம் என்ற பெயரில் இருவர், ஒரே பிரான்சிஸ்கன் சபையில், இங்கிலாந்து மாநிலத் தலைவர் என்ற ஒரே பதவியில், முக்கால் நூற்றாண்டு இடைவெளியில் இருந்தார்கள். நற்செய்தி விளக்கவுரை ஒன்று இவர்களில் யாருடையது என்று ஆராய்ந்த பெரில் ஸ்மாலி, 1954இல் வெளிவந்த தம் கட்டுரைக்கு ‘எந்த வில்லியம் நாட்டிங்ஹம்?’ என்றே தலைப்பிட்டார். பிந்தையவருடையது என்பது முடிவு. ஒரு நூல் நூறாண்டு முன்பின் நகர்ந்தால், அது எந்தச் சிந்தனைக்கு விடை சொன்னது என்பதே மாறிவிடுகிறதல்லவா?

இன்று பெயரைத் தட்டினால் மூன்று மெல்டன்களும் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்து விழுகிறார்கள். வசதிதான். ஆனால் அந்த வசதியே அவர்களை ஒருவராக்கிவிடவும் தூண்டுகிறது. ஆண்டைப் பார்ப்பது, பதவியைப் பார்ப்பது, யார் முன்னால் பேசினார் என்று பார்ப்பது, இவையெல்லாம் வறட்டு ஆராய்ச்சி அல்ல. இறந்தவர்களுக்கு வாசகன் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

ஜான் ஃபிஷர் தம் முதிர்ந்த வயதில் ஆசிரியர் மெல்டனை நினைவுகூர்கிறார். யூக்ளிடைப் பாடம் சொல்லும்போது, வரைபடத்திலுள்ள மிகச் சிறிய எழுத்தைக்கூடத் தேவையற்றது என்று தள்ளினால் யூக்ளிடை நீ முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் எச்சரிப்பாராம். மூன்றாம் மெல்டன் சொன்னது வடிவியலுக்காக. இரண்டாம் மெல்டனை வாசிப்பதற்கும் அதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியவில்லை.