காது அடைத்தால் திமிரா?



"கூப்பிட்டா காதுல விழாதா?" வகுப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மழைக்குப் பின் பார்த்தீனியம் பூக்கும் நாட்களில் சிலருக்கு நிஜமாகவே சரியாக விழாது. நானும் அதில் ஒருத்தி.

மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் ஒரு சின்னக் குழாய் இணைக்கிறது. அதன் பெயர் யூஸ்டேஷியன் குழல். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, காதுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும். மகரந்தத்தூள் ஒத்துக்காதவர்களுக்கு மூக்கோடு சேர்ந்து இந்தக் குழலும் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பாடம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்காதில்தான் இருக்கிறது. அதனால் சிலருக்குத் தலையும் சுற்றும்.

என் கருத்து இதுதான். அந்த நாட்களில் இவர்களை முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். பி.டி. பீரியடில் "தலை சுத்துது சார்" என்றால் நம்புங்கள். நண்பர்களே, சளிதானேன்னு விடாமல், காதைக் குச்சியால் குடையாமல், டாக்டரிடம் காட்டுங்கள். மைதானத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு, எல்லோரும் சேர்ந்து பிடுங்குவோம்.

பதில் சொல்லாதது திமிர் இல்லீங்க, அடைப்பு!