பட்டறைப் பக்கம்: கேஸை மாற்றினால் கொக்கி நிற்குமா?

‘‘என் மகன் ஐ.டி.ஐ-யில் வெல்டர் முடித்துவிட்டு வீட்டோடு சின்னப் பட்டறை போட்டிருக்கிறான். சிங்கிள் ஃபேஸில் ஓடும் 200 ஆம்பியர் மிக் மெஷின், 0.8 மி.மீ கம்பி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். எங்கள் டிரெய்லரின் கொக்கித் தகட்டை (10 மி.மீ கனம்) அவன்தான் பற்றவைத்தான். நெல் மூட்டை ஏற்றி வரும்போது பற்று அப்படியே பெயர்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ‘ஆர்கான் மிக்ஸ் போடுங்க, பலமா நிற்கும்’ என்கிறார் சிலிண்டர் கடைக்காரர். மாற்றலாமா?’’

- ஒரு வாசகர், பாகூர்.

மாற்ற வேண்டாம். இந்த வேலைக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். காரணத்தை உங்கள் மகனோடு சேர்ந்து படியுங்கள்.

பெயர்ந்த இடத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தகட்டின் பழைய மேல்பரப்பு, கிரைண்டர் போட்ட கோடு எல்லாம் அப்படியே தெரிந்தால், பற்று தகட்டுக்குள் இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். சுவரில் ஒட்டிய வறட்டி காய்ந்ததும் முழுசாகப் பெயர்ந்து வருவதுபோல வந்திருக்கிறது.

கம்பி உருகித் தகட்டுக்குப் போவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. குறைந்த ஆம்பியரில், 17 முதல் 21 வோல்ட்டுக்குள் ஓட்டும்போது, கம்பியின் நுனி உருகிய குழம்பைத் தொட்டுத் தொட்டு ஷார்ட் ஆகிறது. நொடிக்கு 20 முதல் 200 தடவை வரை இப்படித் தொடும். பொரிகிற மாதிரி ஒரே சீரான ‘சரசர’ சத்தம் வரும். சூடு குறைவு என்பதால் மெல்லிய தகடு ஓட்டை விழாது. உங்கள் மெஷின் பெரும்பாலும் ஓடுவது இந்த முறையில்தான். கேஜ் வீல் பட்டை, ஆங்கிள், மாட்டுக்கொட்டகைக் கதவு, தீவனத் தொட்டி ஸ்டாண்டு என்று 5 மி.மீ வரையுள்ள வேலைக்கு இது அருமையான முறை. 10 மி.மீ தகடோ அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே பற்று அழகாகத் தெரியும். அடியில் பிடிப்பு இருக்காது.

கார்பன் டை ஆக்சைடிலேயே ஆம்பியரை ஏற்றினால், கம்பியைவிடப் பருத்த சொட்டுகள் கோணல்மாணலாக விழும். தெறிப்பு அதிகம், ஆனால் ஆழமாக இறங்கும். மூன்றாவது ஸ்பிரே. சின்னச் சின்னத் துளிகள் சாரல்போல நேராகப் பாயும். தெறிப்பு மிகக் குறைவு. இதற்கு 80 சதவிகிதமாவது ஆர்கான் வேண்டும். வெறும் கார்பன் டை ஆக்சைடில் எவ்வளவு ஏற்றினாலும் இது வராது. 1.2 மி.மீ கம்பி என்றால் சுமார் 240 ஆம்பியரும் 26 வோல்ட்டுக்கு மேலும் தேவை. 0.8 கம்பியில் 160 ஆம்பியருக்கு மேலேயே ஸ்பிரே வரலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால், கிராமத்துச் சாயங்கால வோல்டேஜில் சின்ன மெஷின் அதைத் தொடர்ந்து தாங்காது.

ஆக, உங்கள் மெஷினில் ஆர்கான் மிக்ஸை மாட்டினாலும் பழைய ‘சரசர’தான். தெறிப்பு குறையும், பற்று பளபளக்கும். அதே ஆம்பியரில் கார்பன் டை ஆக்சைடு தரும் ஊடுருவல்கூட கிடைக்காது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிய ஃபேக்டரி மெஷினுக்குப் பொருந்துவதை உங்களுக்கும் சொல்லிவிட்டார்.

1948-ல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிலையத்தில் இந்த முறை உருவானபோது, ஆர்கான் போன்ற விலை கூடிய வாயுவைத்தான் பயன்படுத்தினார்கள். இரும்புக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1953-ல் சோவியத் நாட்டின் லியுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ் இருவரும் கார்பன் டை ஆக்சைடை வைத்தே இரும்பைப் பற்றவைத்துக் காட்டிய பிறகுதான் சின்னப் பட்டறைகளுக்கும் வழி பிறந்தது. நம் பட்டறைகளில் இன்றும் இதை ‘சி.ஓ.2 வெல்டிங்’ என்றுதானே சொல்கிறோம்!

சரி, கொக்கியை என்ன செய்வது? பழைய பற்றை முழுதாகக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். தகட்டின் விளிம்பைச் சரிவாகச் சீவி, துரு, பெயின்ட், கிரீஸ் எதுவும் இல்லாமல் வெள்ளி நிறம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அதன்பிறகு சாதாரண ராடு வெல்டிங்தான் நல்லது. 7018 ராடு, 3.15 மி.மீ கேட்டு வாங்குங்கள். ஈரம் பட்ட ராடு ஆகாது. காயவைக்கும் முறை பெட்டியிலேயே இருக்கும். ஒரே பற்றாக நிரப்பாமல், கசடைத் தட்டித் தட்டி இரண்டு மூன்று ஓட்டமாகப் போட வேண்டும். ரோட்டில் ஆள் நடக்கிற இடத்தில் இழுத்துப்போகிற வண்டி. தம்பிக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்தால், கனரக வேலை செய்யும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

முதலில் அதே கனமுள்ள இரண்டு துண்டுகளை ‘ட’ மாதிரி நிறுத்தி, உள்பக்கம் மட்டும் பற்றவைத்து, வெளிப்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து மடக்கி உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் பழைய தகட்டுப்பரப்பு வழவழவென்று தெரிந்தால் பற்று தேறவில்லை. பற்றே கிழிந்து சொரசொரப்பாக இருந்தால் பிடித்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பழைய இரும்புத் துண்டுதான். முறையாகப் பயிற்சி எடுக்க விரும்பினால், திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இன்னொன்று, காற்று. வில்லியனூர் பக்கம் களத்துமேட்டிலோ, பாகூர் ஏரிக்கரையிலோ திறந்தவெளியில் மிக் ஓட்டினால், மணிக்கு 8 கி.மீ வேகக் காற்றே கேஸைக் கலைத்துவிடும். பற்றில் புழு அரித்ததுபோல ஓட்டை விழும். பட்டறைக்குள் டேபிள் ஃபேனும் இதே வேலையைச் செய்யும். கேஸைக் கூட்டித் திறந்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். வயலில் நின்றுபோன வண்டிக்கு ராடுதான் சரி. டிராக்டரில் பற்றவைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, எர்த் கிளாம்பைப் பற்று போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

செலவையும் பார்த்துவிடுவோம். 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு, நிமிடத்துக்கு 12 லிட்டர் என்றால், 20 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும். 7 கனமீட்டர் ஆர்கான் மிக்ஸ் சிலிண்டர் 10 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று கேஜைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. உள்ளே இருப்பது திரவம். அது தீரும்வரை முள் பெரிதாக இறங்காது, சித்திரை வெயிலில் ஏறவும் செய்யும். சிலிண்டரின் கழுத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். மூட்டை போடும் தராசில் நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.