இங்கிலீஷும் மந்திரமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளத் தோழர்களே! சொல்லுக்கு முன் "இன்" வந்தால் "அல்ல" என்று பொருள் என்பதை நம் பிள்ளைகள் சுலோகம்போல் உருப்போடுகிறார்கள். "இன்கரெக்ட்" என்றால் சரியல்ல, வாஸ்தவந்தான். ஆனால் திராவகப் பீப்பாயின்மேல் "இன்பிளேமபிள்" என்றிருந்தால் தீப்பற்றாதது என்றா கொள்வது? கொண்டால் உயிர் போகும்! அது எளிதில் தீப்பற்றுவது. அங்குள்ள "இன்", "உள்" என்று பொருள்படும் லத்தீன் சொல். இக்குழப்பத்துக்கு அஞ்சியே 1920-களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் "பிளேமபிள்" என்றே எழுதும்படி வற்புறுத்தினார்கள்.

ஆகவே, சொல்லைப் பிரித்துப் பார்த்து, "ஏன்?" என்று கேட்டுப் படியுங்கள். இங்கிலீஷ் நமக்குக் கருவியே ஒழிய வேதமல்ல. முதலாளிமார்களும் பீப்பாயின்மேல் தமிழிலும் எழுதட்டும். பொருள் தெரியாமல் உருப்போட்ட மந்திரம் புரோகிதனுக்குச் சோறு போடலாம். தொழிலாளிக்கோ அது கொள்ளிதான் வைக்கும்!