வாய்ப்புச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு?

குமரி மாவட்டத்தின் குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவருக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்கு வீட்டார் யாரிடமும் வழி கேட்பதில்லை. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது, ஓ.பி. சீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் விளவங்கோடு வட்டத்தில் பாட்டிமாருக்கும் அத்துபடி. அதே ஸ்ரீசித்ரா ஒரு பெரிய ஆய்வு நிறுவனமும்கூட. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கப்பட்டது. இந்தியாவிலேயே செயற்கை இதய வால்வை உருவாக்கிக் காட்டியது. அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம் என்று நம் பகுதிக் கல்லூரிகளில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்? நோயாளியாகப் போக வழி தெரிந்த ஊருக்கு, ஆய்வாளராகப் போக வழி சொல்லப்படவில்லை. இது மாணவர்களின் குறை அல்ல. இந்த வழியைச் சொல்வது யாருடைய வேலை என்று எந்தக் கல்லூரியிலும் தெளிவாக எழுதிவைக்கப்படாததுதான் குறை.

குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பஸ் நகருக்குள் நுழையுமுன்பே பாப்பனங்கோடு வருகிறது; வேதியியலும் பொருளறிவியலும் படிப்பவர்கள் கனவு காணத்தக்க சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் ஒன்று அங்கே இருக்கிறது. தைக்காட்டில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். ஆக்குளத்தில் புவி அறிவியல் ஆய்வு மையம். ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த தூத்தூர், வள்ளவிளைக் கரைகளில் கடல் ஏன் ஊரைத் தின்கிறது என்று கேட்கும் ஒரு மாணவர் போய்ச் சேர வேண்டிய வாசல் அது. ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நம் வீட்டுப் பின்புறத்தில் விளையும் மரச்சீனியைப் பற்றி அங்கு விஞ்ஞானிகள் வாழ்நாள் முழுவதும் ஆராய்கிறார்கள். உள்ளூர் என்ற பகுதியில் பொருளியலாளர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இந்த நாட்டின் மிகச் சிறந்த பள்ளிகளுள் ஒன்று. சற்றுத் தள்ளி விதுரையில் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசர், வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். ஒரு கிராமப்புற வட்டத்துக்கு இத்தனை ஆய்வு நிறுவனங்கள் இவ்வளவு பக்கத்தில் வாய்ப்பது தமிழ்நாட்டில் அபூர்வம்.

நம் கல்லூரிகள் இணைவு பெற்றிருக்கும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ திருநெல்வேலியையும் தாண்டி அபிஷேகப்பட்டியில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 1990இல் அது தோன்றியபோது மதுரைக்கு அலைந்த அலைச்சல் குறைந்தது. அந்த நன்றி நமக்கு உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளையே திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர்தான். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று ரத்தம் சிந்திப் பெற்ற தமிழ்நாட்டு இணைப்பு நியாயமானது. அதில் நமக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று வரைந்த மாநில எல்லை, அறிவுக்கும் எல்லையாகிப் போனதை ஏற்க முடியாது. களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டி மீனும் காய்கறியும் தினமும் போய்வருகின்றன. கல்லூரி அலுவலகங்களின் கடிதப் போக்குவரத்து மட்டும் அந்தச் சாவடிக்கு இப்பாலேயே நின்றுவிடுகிறது.

ஓர் அறிவிப்பு எப்படி மாணவரைச் சேராமல் போகிறது என்பதைக் கல்லூரிக்குள் இருப்பவர்கள் அறிவார்கள். கோடைக்கால ஆய்வுப் பயிற்சி பற்றிய மின்னஞ்சல் கல்லூரியின் பொது முகவரிக்கு வருகிறது. நாக் தர மதிப்பீட்டுக் குழுவின் வருகை, இணைவுப் புதுப்பிப்பு, தேர்வுக் கட்டணம் என்று நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவே அது கிடக்கிறது. யாரோ பார்த்துத் துறைத் தலைவர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து மாணவர்களுக்கு வரும்போது கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும். அந்த இரண்டு நாளில் போனஃபைட் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், முதல்வரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். முதல்வர் கூட்டத்துக்காக நாகர்கோவில் போயிருப்பார். அவ்வளவுதான், அந்த ஆண்டுக்கான கதவு மூடிவிட்டது.

இதையும் மீறிச் சிலர் போய்ச் சேர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர் இருப்பார். தன் நேரத்தையும் தன் இணைய டேட்டாவையும் செலவழித்து, மாணவியின் விண்ணப்பத்தை இரவு உட்கார்ந்து திருத்தித் தந்தவர். அப்படிப்பட்டவர்களை வணங்குகிறோம். ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் போன மறு ஆண்டே அந்தத் துறையிலிருந்து ஒருவரும் விண்ணப்பிக்காமல் போவதையும் பார்க்கிறோம். ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு தலைமுறையின் படிப்பை விட்டுவைக்கலாமா?

பொறுப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட்டால் வேலை நடக்கிறது என்பதற்கு நம் கண்முன்னேயே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயைச் சேர்க்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதைச் செய்கிறது. இந்தப் பணம் கைக்கு வருவதற்குக் காரணம், கல்லூரிதோறும் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பதும், விடுபட்ட பெயர் எது என்று மேலிருந்து ஒருவர் கேட்பதும்தான். ஆய்வு உதவித்தொகையைப் பற்றி மேலிருந்து யாரும் கேட்பதில்லை. 'நான் முதல்வன்' திட்டம் வேலைத்திறன் பயிற்சியை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறது. அது நல்ல காரியம். கணினி நிறுவனத்தில் சேர்வதற்கு அரசு இவ்வளவு பாடுபடும்போது, ஆய்வகத்தில் சேர்வதற்கு ஒரு சிறிய ஏற்பாடாவது வேண்டாமா?

ஆசிரியர்களின் நிலையும் இதுதான். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை மாணவர்களுக்கு மட்டுமானதல்ல, கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்தில், ஒரு மூத்த விஞ்ஞானியின் பக்கத்தில் இருந்து வேலை செய்யலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறார்கள். வாரம் முழுக்க வகுப்பெடுத்து, மாலையில் விடைத்தாள் திருத்தி, இருபது ஆண்டுகளாக ஆய்வகத்தின் வாசனையே மறந்துபோன ஓர் ஆசிரியருக்கு அந்த இரண்டு மாதம் எத்தனை பெரிய மீட்சி! நம் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அவசியம். விடுப்பு எடுத்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் அவர்களிடம், 'போய் வா' என்று நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

தகவல் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம், கல்லூரி ஆசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வு. 2024இல் அந்த 'செட்' தேர்வை நடத்தும் பொறுப்பு நம் பல்கலைக்கழகத்திடமே இருந்தது. ஜூன் 7, 8 தேதிகளில் நடந்திருக்க வேண்டிய தேர்வு, தொழில்நுட்பக் காரணங்களால் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கைக்கு மாறி, 2025 மார்ச்சில்தான் நடந்தது. கட்டணம் கட்டிவிட்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று கேட்க இங்கே ஓர் இடம் இல்லை. தனியார் பயிற்சி மையங்களும் யூடியூப் சேனல்களும் சொன்னதே செய்தி ஆயிற்று. தேர்வு தள்ளிப்போவது நேரக்கூடியதுதான். தன் மாணவரிடம் பல்கலைக்கழகம் பேசுவதற்கு விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஒரு சன்னல்கூட இல்லாதது அப்படி அல்ல. அது நிர்வாகம் தேர்ந்தெடுத்த நிலை.

இந்த இடத்தில் ஒரு பழைய செப்பேட்டை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. குழித்துறைக்குப் பக்கத்தில் முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், கி.பி. 866இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் ஒரு கோயிலும் அதனோடு ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்பது அக்காலக் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 மாணவர்களுக்கு இடம். எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம், சேர வருபவருக்கு என்ன தகுதி வேண்டும், உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும், மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் செம்பில் வெட்டப்பட்டிருக்கிறது. வேதம் படிக்கும் ஒரு சாதியாருக்கு மட்டுமே திறந்திருந்த கூடம் அது. அதை மறைத்துப் பெருமை பேச நாம் விரும்பவில்லை. மற்றவர்களுக்கான கல்வியின் கதவு இந்த மண்ணில் திறக்க இன்னும் ஆயிரம் ஆண்டு ஆனது. 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய முயற்சியிலிருந்து எத்தனையோ பேரின் உழைப்பும் அவமானமும் அதற்குத் தேவைப்பட்டன. ஆனாலும் எத்தனை இடம், யாருக்கு, என்ன நிபந்தனை என்பதை அழியாத எழுத்தில் வைத்த நிர்வாக ஒழுங்கு அன்று இருந்தது. கல்வி எல்லாருக்கும் என்று ஆன இன்று, அந்த ஒழுங்கு எல்லாருக்காகவும் வேலை செய்ய வேண்டும்.

'எல்லாம் போனிலேயே இருக்கிறதே, பிள்ளைகள் தேடிக்கொள்ள வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. தேடுவதற்கு முதலில் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் மகளுக்கு, நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்யலாம் என்பதே செய்தி. முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவிடம் அதை எடுத்துச் சொல்லி நம்பவைக்க, கல்லூரியில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போன் அதைச் செய்யாது.

பெண்களை முன்வைத்துப் பார்த்தால் திருவனந்தபுரத்தின் அருமை இன்னும் புரியும். மகளைப் பெங்களூருக்கோ புனேவுக்கோ இரண்டு மாதம் அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தத் தயக்கம் மாறும் நாள் வரட்டும். அதுவரை, காலை ரயிலில் ஏறி மாலை ரயிலில் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கும் ஆய்வகங்களை நாம் ஏன் விட்டுவைக்கிறோம்? 1979இல் வந்த ரயில் பாதை குழித்துறை வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையில் வேலைக்கும் சிகிச்சைக்கும் துணிக்கடைக்கும் போகிறவர்களோடு, ஆய்வுப் பயிற்சிக்குப் போகும் மாணவியரும் ஏற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது. ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆசிரியரை வாய்ப்புத் தகவல் பொறுப்பாளராக எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். அந்த வேலைக்காக வாரத்தில் சில மணி நேரத்தை அவருடைய பணிச்சுமையிலிருந்து கழித்துக் கொடுக்க வேண்டும். பணிச்சுமையில் கழிக்காத பொறுப்பு வெறும் பட்டம். பல்கலைக்கழகம் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் நடத்துவதைப் போல, குழித்துறை அல்லது மார்த்தாண்டத்தில் ஒரு சேவை மையம் திறக்க வேண்டும். சான்றிதழ் திருத்தம், முனைவர் பட்டப் பதிவு, தேர்வு விசாரணை ஆகியவற்றோடு வாய்ப்பு அறிவிப்புகளும் அங்கே கிடைக்க வேண்டும். ஒரு கையெழுத்துக்காக அபிஷேகப்பட்டிக்குப் போய்வர ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகின்றன.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, திருவனந்தபுரம் நிறுவனங்களோடு கல்லூரிகள் முறையான உடன்பாடு செய்துகொள்வது. தனித்தனியாகக் கதவைத் தட்டினால் மரியாதை குறையும். மேற்குக் குமரியின் கல்லூரிகள் சேர்ந்து ஒரே குழுவாகப் போக வேண்டும். தேர்வு அட்டவணையை நிர்ணயிக்கும் பல்கலைக்கழகமும் இதில் பங்கெடுக்க வேண்டும். ஏப்ரல் பருவத் தேர்வு மே கடைசிக்கு இழுத்தால், மே தொடக்கத்தில் ஆரம்பிக்கும் கோடைப் பயிற்சி கையைவிட்டுப் போகும்.

நூலக விஷயத்தில் மத்திய அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. குமரி மாவட்டத்தின் உயர்கல்வியை நெடுங்காலம் தாங்கி வருபவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். அவற்றின் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். அவற்றில் படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள். திட்டத்தின் அடுத்த விரிவாக்கத்தில் முதலில் சேர வேண்டியவை இவைதான்.

குழித்துறை நகராட்சிக்கும் ஓர் இடம் உண்டு. ஆடி அமாவாசையையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு, மரக்கன்று வாங்கவும் ராட்டினம் ஏறவும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கியிருக்கும் பருவமும் அதுவே. கல்லூரிகளும் திருவனந்தபுரம் ஆய்வகங்களும் சேர்ந்து அங்கே ஓர் அரங்கு போடட்டும். இந்த ஊரிலிருந்து போய் ஆய்வாளரானவர்கள் அந்த அரங்கில் உட்கார்ந்து, பெற்றோரின் கேள்விகளுக்கு அவர்களுடைய மொழியில், தமிழிலும் மலையாளத்திலும், பதில் சொல்லட்டும்.

மூன்று அறிவியல் கழகங்களின் கோடை நல்கைக்கான விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே திறக்கிறது. அதற்குள் கல்லூரிகள் பொறுப்பாளரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. பரிந்துரைக் கடிதமும் சான்றிதழும் கேட்ட மூன்று நாளில் கிடைக்கும் என்று முதல்வர்கள் அதே பலகையில் கையெழுத்திட்டு உறுதி சொல்லட்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கணக்கை மார்ச் மாதக் கல்லூரி மன்றக் கூட்டத்தில் வைக்கட்டும்.