தேதி தொடரட்டும், விலை வேண்டாம்

சத்தியமங்கலம் பூ மண்டிக் கணக்கை ஆக்சஸில் பதிபவர்களுக்குத் தேதியையும் பூவின் பெயரையும் திரும்பத் திரும்ப டைப் செய்வது வீண் வேலைதான். கண்ட்ரோலுடன் அப்பாஸ்ட்ரஃபி கீயை அழுத்துங்கள். முந்தைய ரெக்கார்டில் அதே ஃபீல்டில் இருப்பது அப்படியே வந்துவிடும். ஆஃப்டர் அப்டேட்டில் டீஃபால்ட் வேல்யூவை மாற்றும் ஒரு வரி எழுதினால் அந்தக் கீயும் தேவையில்லை.

எடைக்கும் விலைக்கும் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மல்லிகை ஏலத்தில் விலை ஒரே மாதிரி நிற்பதில்லை. காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். பழைய விலை நிரம்பிய கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் எழுதிக் கொடுத்த ஃபார்மிலேயே ஒரு விவசாயிக்கு முந்தையவரின் குறைந்த விலை விழுந்தது. அவர் சீட்டோடு வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றே அந்த வரியை நீக்கி, விலை ஃபீல்டில் ரெக்கொயர்டை யெஸ் ஆக்கினேன். டீஃபால்ட் வேல்யூவில் 0 இருந்தால் அதையும் அழியுங்கள். இல்லாவிட்டால் விலை போடாத ரெக்கார்டையும் ஆக்சஸ் ஏற்றுக்கொள்ளும்.