வாடகையில்லா வீடு

பூச்சோங் இன்று அடுக்குமாடிகளின் ஊர். முன்னாளில் அது பால்மரக் காடும் ஈயச் சுரங்கமுமாகக் கிடந்தது. அத்தோட்டங்களின் லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழர் வாடகை கொடுத்ததில்லை. தோட்டம் கைமாறிய நாளிலேதான் அவ்வீடு தமதன்று என்பதை உணர்ந்தனர். இலவசம் வேறு, உரிமை வேறு என்னும் பாடத்தைக் கண்ணீர் சிந்திக் கற்ற சமுதாயம், கணினித் துறையில் அதனை மறந்து நிற்பது வருந்தத்தக்கது.

'கட்டற்ற மென்பொருள்' என்றதும், "காசின்றிக் கிடைப்பதுதானே!" என்று அமைதியுறுவோர் தமிழாசிரியரிடையேயும் உளர். 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த இயக்கம் விலையைப் பற்றிப் பேசவில்லை. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், உள்ளமைப்பைக் கற்றுத் திருத்துதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்தியதை வெளியிடுதல் என்னும் நான்கு உரிமைகளையே அது கோருகிறது.

இதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 'தமிழா' குழுவினரின் எ-கலப்பை, பல நாட்டுத் தமிழரைக் கணினியில் எழுத வைத்த தொண்டு. எவரிடமும் அது காசு கேட்டதில்லை. ஆயினும் அதன் முற்பட்ட பதிப்புகள், ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் கீமேன் என்னும் பொறியின்மீது அமைந்தவை. அப்பொறியின் மூலநிரல் அந்நாளில் மூடிக்கிடந்தது. கலப்பை தமிழருடையது, கொழுவோ பிறர் பெட்டிக்குள் இருந்தது. பின்னர் மூன்றாம் பதிப்பு குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அன்றுதான் அது இயக்கத்தின் முழு உறுப்பாயிற்று. கீமேனும் 2017-இல் தன் மூலநிரலைத் திறந்தது. அடித்தளம் மூடியிருக்க, மேற்கூரைக்கு மட்டும் விடுதலைப் பெயர் சூட்டுவது பொருந்தாது.

"நிரலைப் படிக்கத் தெரியாத ஆசிரியருக்கு அது திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?" என்று சிலர் வினவுவர். தொல்காப்பியத்தை முற்றக் கற்காதவனும் தமிழ் பேசுகிறான்; அதற்காக அந்நூலைப் பூட்டி வைக்க எவரேனும் இசைவரோ? கற்றவர் ஒருவர் திருத்தினால் கல்லாத ஆயிரவர் பயனுறுவர். பூட்டிய நிரலில் அக்கற்றவருக்கும் இடமில்லை.

விலைக்கு விற்போரைப் பழிப்பது இவ்வாதத்தின் நோக்கமன்று. 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் மலேசியத் தமிழுக்கு ஆற்றிய பணி பெரிது. அது தன் இயல்பை மறைக்கவுமில்லை. இடித்துரைக்கத் தக்கவர், இயக்கத்தின் பயனைக் கொண்டு அதன் கடனை மறப்பவரே.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவிய கைகள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரராயின. இன்று கேட்கப்படுவது வெள்ளியும் அன்று. லிப்ரெ ஆபீஸ் போன்றவற்றின் தமிழ் முகப்பு தன்னார்வலர் உழைப்பில் அமைந்தது. அதில் பிழை கண்டால் எழுதியறிவிக்கலாம். நல்ல கலைச்சொல் வழங்கலாம். மாணவர் ஒருவரையேனும் நிரல் கற்கத் தூண்டலாம். தமிழறிவே அங்கு பங்குப்பணம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு ஈயாதிருப்பது ஆசிரியப் பணிக்கு அழகன்று.

லயத்து வீட்டை இழந்தவரின் பெயரப்பிள்ளைகள் இன்று பூச்சோங் தமிழ்ப்பள்ளிகளில் கணினிமுன் அமர்கின்றனர். அவர்களுக்கு மீண்டும் ஒரு வாடகையில்லா வீட்டைக் காட்டி மனநிறைவு கொள்ளுதல் தகாது. உரிமைப் பத்திரத்தையே கையில் தருதல் வேண்டும்.