ஐந்தாவது சக்கரமா, அரைச் சக்கரமா?

சென்னையில் ஏதாவது ஒரு சிக்னலில் பத்து நிமிடம் நின்று, வருகிற கார்களின் சக்கரங்களை மட்டும் பாருங்கள்.

மூன்று சக்கரம் பளபளவென்று அலாய். நான்காவது மட்டும் கறுப்பு இரும்பு. மற்றவற்றை விட ஒல்லி. பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் "80" என்று போட்டிருக்கும்.

அதுதான் ஸ்டெப்னி. எப்போதோ பஞ்சர் ஆனபோது மாட்டியது. அதற்குப் பிறகு கழற்றவே இல்லை. பஞ்சரான டயர் டிக்கிக்குள் தூங்குகிறது. ஸ்டிக்கர் அழுக்கேறி எழுத்தே தெரியாத கார்களும் உண்டு.

கேட்டால், "ஒரு மாசமா இதுலதான் ஓடுது. ஒண்ணும் ஆகலையே!" என்பார்கள்.

சோம்பேறித்தனம் என்று திட்டி விட்டுப் போய்விடலாம். ஆனால் பாதிக் குற்றம் கார் வாங்கியவர் மேல் இல்லை. விற்றவர் மேல்!

எலுமிச்சம்பழம் வைத்தார்கள்; டிக்கியைத் திறக்கவில்லை

புது கார் எடுக்கிற நாளில் ஷோரூமில் என்ன நடக்கிறது? மாலை போடுகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். போட்டோ பிடிக்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பாட்டு போடுவது எப்படி, போனை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் வகுப்பு.

ஐந்தாவது சக்கரத்தைத் திறந்து காட்டுவது எத்தனை பேர்? "சார், இது மற்ற நாலையும் போல இல்லை. இது சின்னது. இதில் 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. உடனே பஞ்சர் ஒட்டி மாற்றிவிட வேண்டும்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

கேட்டால், "புத்தகத்தில் போட்டிருக்கிறதே" என்பார்கள். போட்டிருக்கிறது, உண்மைதான். இங்கிலீஷில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில்! லட்சக்கணக்கில் பணம் கட்டியவர் அதைப் படிக்கிற நேரம், இருட்டில் ரோட்டோரம் நிற்கிறபோதுதான்.

சின்ன ஸ்டெப்னியால் கம்பெனிக்கு என்ன லாபம்? விலை குறைவு. எடை குறைவு. டிக்கியில் இடம் மிச்சம். எடை குறைந்தால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். அது வாங்குகிறவருக்கும் நல்லதுதான். அதனால் சின்ன ஸ்டெப்னி கொடுப்பதே மோசடி என்று சொல்ல முடியாது. சின்னது என்று வாய் திறந்து சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு.

பெயர் வந்த கதை

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு சக்கரம் செய்தார்கள். அந்தக் காலத்துக் காருக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் வெடித்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இதைப் பிடித்து முடுக்கிவிட்டுக் கிளம்பலாம்.

ஆக, முதல் ஸ்டெப்னியே தற்காலிகம்தான். வீடு போய்ச் சேர்வதற்கு. நடுவில் பல வருடம் நம் ஊர்க் கார்களில் ஐந்து சக்கரமும் ஒரே அளவில் வந்தன. அம்பாசிடரும் பியட்டும் ஓட்டியவர்களுக்கு ஸ்டெப்னி என்றால் இன்னொரு முழு டயர். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. சக்கரம் மாறிவிட்டது. நினைப்பு மாறவில்லை!

சின்னச் சக்கரம் என்ன செய்கிறது?

இதில் இரண்டு வகை. நம் ஊரில் அதிகம் பார்ப்பது, மற்ற சக்கரங்களை விட ஓர் அளவு குறைந்த சாதாரண டயர். வெளிநாட்டுச் சொகுசு கார்களில் வருவது இன்னும் ஒல்லி. மோட்டார் சைக்கிள் டயர் மாதிரி இருக்கும். அதன் அளவு எண்ணுக்கு முன்னால் "டி" என்ற எழுத்து இருக்கும். தற்காலிகம் என்று அர்த்தம். அதற்குக் காற்றும் வேறு கணக்கு. சாதாரண கார் டயருக்கு 30-லிருந்து 35 பவுண்டு. இதற்கு 60 பவுண்டு! இது தெரியாமல் 32 அடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. கார் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுமார் இரண்டு மீட்டர் போகும். ஒரு கிலோ மீட்டருக்கு 500 சுற்று. ஸ்டெப்னி 3 சதவீதம் சின்னது என்று வைத்துக்கொண்டால், அது ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 15 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். 30 கிலோ மீட்டர் போனால் 450 சுற்று கூடுதல்.

கார் வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தை விட அதிகம் சுற்றும். அதைச் சமாளிக்கத்தான் டிபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி. எஞ்சின் இழுக்கிற பக்கத்தில் சின்ன ஸ்டெப்னியை மாட்டினால், நேர் ரோட்டில் கூட அந்தப் பல்சக்கரம் ஓயாமல் வேலை செய்கிறது. பத்து கிலோ மீட்டர் தாங்கும். பத்து நாள், இருபது நாள் என்றால் தேய்மானம்தான்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் இழுப்பது முன் சக்கரத்தை. அதனால் முன் டயர் பஞ்சரானால், பின்னால் இருக்கிற நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுவதே சரி. பல கம்பெனிகளின் புத்தகமே இதைச் சொல்கிறது. இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், அலுப்புத்தான். பக்கத்திலேயே பஞ்சர் கடை என்றால் மெதுவாக அப்படியே போய்விடலாம். தூரம் என்றால் அந்த அலுப்பைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரிய ஆபத்து பிரேக்கில்! டயர் ஒல்லியானால் ரோட்டைப் பிடிக்கிற அகலம் குறைகிறது. மூன்று சக்கரம் ஒரு மாதிரி பிடிக்கும். நான்காவது வேறு மாதிரி பிடிக்கும். காய்ந்த ரோட்டில் 40-ல் போகிற வரை ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் ஆகலையே" என்பது அதனால்தான். ஐப்பசி மழையில், தண்ணீர் தேங்கிய ரோட்டில், குறுக்கே ஒரு ஆட்டோ நுழையும்போதுதான் சோதனை. அப்போது கார் நேராக நிற்குமா, பக்கவாட்டில் இழுக்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மேம்பாலத்தில் ஜாக்கி போடுவதா?

இன்னொரு காட்சியும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மேம்பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, லாரி போகிற பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நட்டு கழற்றுகிறார்கள். பக்கத்தில் மனைவி டார்ச் அடிக்கிறார். பிள்ளைகள் காருக்குள்ளே!

பஞ்சரான டயரில் மெதுவாக உருட்டிக்கொண்டு பாலத்தை விட்டு இறங்கினால் டயர் கிழியும். கிழியட்டும். டயர் சில ஆயிரம் ரூபாய். சமதரையாக, ரோட்டை விட்டு விலகிய இடம் கிடைக்கும் வரை உருட்டலாம். எல்லாரும் இறங்கி, ரோட்டைத் தாண்டாமல் ஓரமாகத் தள்ளி நிற்க வேண்டும். சிவப்பு முக்கோணத்தை டிக்கியிலிருந்து எடுத்துப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல். நட்டுகளை முதலில் தரையில் வைத்தே தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குப் போன் செய்யலாம். உதவிக்கு ஆள் வரும்.

காற்றே இல்லாத ஸ்டெப்னி

டியூப்லெஸ் டயர் வந்த பிறகு ஸ்டெப்னிக்கு வேலை குறைந்துவிட்டது. ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது. நூறோ இருநூறோ கொடுத்தால், சக்கரத்தைக் கழற்றாமலே ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் டிக்கியில் இருக்கிற சக்கரத்தை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தேவைப்படுகிற அன்று எடுத்தால் அதிலும் காற்று இல்லை!

டயருக்கு வயதும் உண்டு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்துபோகும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பழைய கார் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னியில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்டெப்னியே இல்லாத கார்களும் வருகின்றன. 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டயர் காற்றைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் மூன்றும் இருந்தால், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. மின்சாரக் காரில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பஞ்சர் சாமான் உதவாது. இழுவை வண்டிதான் வர வேண்டும். வாங்குகிறவருக்கு இதையாவது சொல்கிறார்களா?

அதிகாரிகள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. டெலிவரி அன்று கையெழுத்து வாங்குகிற காகிதங்களில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். "இந்தக் காரின் ஸ்டெப்னி சின்னது, வேக வரம்பு 80" என்று தமிழில் நாலு வரி. வாங்குகிறவர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். எப்.சி.க்கு வருகிற வாடகைக் கார்களில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதில் காற்று இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். நாள் முழுக்க வாடகைக்கு ஓடுகிற கார், ஒல்லிச் சக்கரத்தில் சவாரி ஏற்றுவதைக் கண்டால் போலீசார் நிறுத்தி எச்சரிக்கட்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பயணிக்கு எந்தச் சக்கரத்தில் போகிறோம் என்றே தெரியாது.

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற பையன் நாலு சக்கரமும் முடித்துவிட்டு நிமிர்கிறபோது, "டிக்கியிலே ஒண்ணு இருக்கு தம்பி, அதையும் பார்த்துடு" என்று கேளுங்கள். மேலே இருக்கிற பையை எல்லாம் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு, ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு என்று போட்டிருக்கிறதோ அதையே அடிக்கச் சொல்லுங்கள்.